கைராசியும் வாக்குச்சாவடியும்

வாசகர் கேள்வி: ஐயா, எனக்கு 46 வயது. ஒரு நகராட்சி ஊரில் 17 ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். என் மனைவி மகப்பேறு மருத்துவர். பத்துப் படுக்கைகள் கொண்ட நர்சிங் ஹோமை இருவருமாக நடத்துகிறோம்; வங்கிக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. ஊரில் டெங்கு பரவிய ஆண்டில் இரவு பகலாக உழைத்ததால் எனக்கு நல்ல பெயர். இப்போது ஒரு கட்சியின் மாவட்டச் செயலாளர் வீட்டுக்கே வந்து, சட்டமன்றத் தேர்தலில் நிற்கும்படி கேட்கிறார். 'உங்கள் கைராசிக்கே இருபதாயிரம் ஓட்டு விழும்' என்கிறார். எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர் இல்லாமல் கர்ப்பிணிகளை வெளியூருக்கு அனுப்புகிறார்கள். அதையாவது மாற்றலாமே என்று எனக்கு ஆசை. மனைவிக்கு விருப்பமில்லை. நான் போகலாமா? போனால் மருத்துவத்தை விட்டுவிட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள டாக்டருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எந்தக் கட்சி என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் என் பதில் மாறியிருக்காது. நேராகவே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சட்டமன்றச் சீட்டை ஏற்காதீர்கள். அரசியலே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் ஊர் நகராட்சிக்குப் போங்கள் என்கிறேன். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்பதற்கு முன் என் கதையில் கொஞ்சம் சொல்கிறேன்.

நானும் உங்களைப் போல ஒரு நகராட்சி ஊரில் கிளினிக் வைத்திருந்தவன்தான். 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, ஒரு கட்சியின் வேட்பாளராகச் சேர்மன் பதவிக்கு நின்றேன். அன்று நகராட்சித் தலைவரை வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். வென்றேன். ஐந்து ஆண்டுகள் இருந்தேன். 2001இல் மறுபடி நிற்கவில்லை.

பதவி ஏற்ற சில மாதங்களில், மார்கழிப் பனியில், ஆறு வயதுப் பையன் ஒருவனுக்கு நள்ளிரவில் இளைப்பு முற்றிவிட்டது. இரண்டு வயதிலிருந்தே நான் பார்த்துவந்த பிள்ளை. அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே மூன்று தெருக்கள்தான். அவனுடைய அப்பா என் வாசலுக்கு வரவில்லை. சந்தைக்குக் காய்கறி ஏற்றப் புறப்பட்ட ஒரு வேனில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, 28 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறார். பிள்ளை பிழைத்துக்கொண்டான். எனக்கு இது ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். பாட்டி தன் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க வந்தவர், பையில் கைவிட்டபோது பேரனின் மருந்து நோட்டையும் சேர்த்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

அந்தக் காலத்தில் நாற்பது பக்க நோட்டில்தான் மருந்து எழுதிக் கொடுப்போம். மூலைகளில் மஞ்சள் கறை படிந்த நோட்டு. முதல் பதினோரு பக்கங்களிலும் என் கையெழுத்து. பன்னிரண்டாம் பக்கத்தில் வேறொரு டாக்டரின் கையெழுத்து: தேதி, அதிகாலை 3.10, டெரிஃபிலின் ஊசி, நெபுலைசர். என்னம்மா இது என்று கேட்டேன். பாட்டி தலையைக் குனிந்துகொண்டார். "தேர்தலில் எதிர்த்தரப்புக்குப் பூத்தில் உட்கார்ந்தவன் பிள்ளையை டாக்டர் மனசு வைத்துப் பார்ப்பாரோ என்னவோ என்று என் மகன் பயந்துவிட்டான் ஐயா" என்றார்.

நான் யாரிடமும் எந்தக் கட்சி என்று கேட்டு ஊசி போட்டவன் இல்லை. அது எனக்குத் தெரியும். அந்தத் தகப்பனுக்கு எப்படித் தெரியும்? திறந்த ஜீப்பில் கைகூப்பியபடி நான் அவர் தெருவழியே போனபோது, அவர் வேறொரு கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர். அந்த நொடியிலிருந்து நான் அவருக்கு டாக்டர் மட்டும் இல்லை. 28 கிலோமீட்டர் வழியில் அந்தப் பிள்ளையின் மூச்சு நின்றிருந்தால் அதில் எனக்குப் பங்கு இருந்திருக்கும். அந்தப் பையனுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. அந்தக் குடும்பம் அதன் பிறகு என்னிடம் வந்ததே இல்லை.

அரசியலுக்கு வரும் மருத்துவர் பணத்தை இழப்பார், தூக்கத்தை இழப்பார் என்று எல்லோரும் எச்சரிப்பார்கள். நான் எச்சரிப்பது இதைப் பற்றி: ஊரில் பாதிப் பேர் உங்கள் அறைக் கதவைத் தட்டத் தயங்குவார்கள். அப்படித் தயங்கியவர்கள் யார் யார் என்பது உங்களுக்கு ஒருநாளும் தெரியவராது.

அடுத்து அந்த இருபதாயிரம் ஓட்டு. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியில் சராசரியாக இரண்டரை லட்சத்தை ஒட்டிய வாக்காளர்கள். ஏறத்தாழ முந்நூறு வாக்குச்சாவடிகள். உங்களிடம் ஒரு நாளைக்கு எண்பது டோக்கன் என்று வைத்துக்கொள்வோம். அதில் சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று மாதாமாதம் வரும் அதே முகங்கள் எத்தனை? பஸ் ஏறி வரும் கிராமத்தார் எத்தனை பேர்? பஸ் தடத்துக்கும் தொகுதி எல்லைக்கும் சம்பந்தமே கிடையாது. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறவர்களில் கணிசமானவர்களுக்கு ஓட்டு பக்கத்துத் தொகுதியில் இருக்கும். மீதி இருப்பவர்களும், டாக்டர் நல்லவர்தான், ஆனால் ஓட்டு எங்கள் சின்னத்துக்குத்தான் என்பார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை. வைத்தியம் பார்த்ததற்கு அவர்கள் ஃபீஸ் கொடுத்துவிட்டார்கள். ஓட்டையும் சேர்த்துத் தர வேண்டும் என்று எந்தக் கணக்கும் இல்லை. முந்நூறு சாவடியிலும் காலை முதல் மாலை வரை உட்கார ஆள் வேண்டும். அந்த ஆட்கள் கட்சியின் ஆட்கள். வென்ற மறுநாளே அவர்கள் உங்கள் நர்சிங் ஹோம் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அது எனக்குக் கவலையாக இருக்கிறது. சட்டமன்ற வேட்பாளருக்குத் தேர்தல் விதிகள் வைத்திருக்கும் உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். வேட்பு மனு தாக்கல் செய்யும் நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுத வேண்டும்; முடிவு வந்து 30 நாட்களுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய். பதிவான செல்லத்தக்க ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்காவது கிடைக்காவிட்டால் அதுவும் போய்விடும். இவையெல்லாம் ஏட்டில் உள்ள கணக்கு. ஏட்டில் இல்லாத கணக்கைப் பற்றி யாராவது உங்கள் வீட்டுக் கூடத்தில் பேச ஆரம்பித்தால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நர்சிங் ஹோம் கட்டடம் மனைவி பெயரிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். வேட்பு மனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் உங்கள் சொத்து, கடன், வழக்குகளோடு மனைவியின் சொத்தும் கடனும் ஊரறிய வெளியாகும். அவருடைய விருப்பமின்மையைக் கடிதத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதற்கு மறுபடி வருகிறேன்.

இனி, உங்கள் ஆசையைப் பற்றி. அது நல்ல ஆசை. வயிற்றுப் பிள்ளையோடு ஆம்புலன்ஸில் ஒரு பெண் அறுபது கிலோமீட்டர் போவதைப் பார்த்து மனம் கொதிக்காத மருத்துவர் இருந்தென்ன பயன்? ஆனால் மயக்க மருந்து நிபுணரை உங்கள் ஊருக்குக் கொண்டுவருவது எம்.எல்.ஏ. கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆளெடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். இடமாறுதல் கலந்தாய்வில் நடக்கிறது. உங்கள் ஊர் மருத்துவமனை ஓர் இயக்குநரகத்தின் கீழ். ஆரம்பச் சுகாதார நிலையம் வேறோர் இயக்குநரகத்தின் கீழ். மருத்துவக் கல்லூரி மூன்றாவது ஒன்றின் கீழ். எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பலாம், அமைச்சரைப் பார்க்கலாம், தொகுதி நிதியில் கட்டடம் கட்டலாம், கருவி வாங்கித் தரலாம். அதுவும் தேவைதான். ஆனால் 234 பேரில் ஒருவராக, கட்சிக் கொறடாவின் சொல்லுக்குள் நின்றுகொண்டு செய்ய வேண்டும். அதே கேள்வியை ஊர் மருத்துவர்கள் பத்துப் பேர் சேர்ந்து, கடந்த ஓராண்டில் எத்தனை கர்ப்பிணிகள் வெளியூருக்கு அனுப்பப்பட்டார்கள் என்ற பட்டியலோடு மாவட்ட ஆட்சியரிடம் இன்றைக்கே கொண்டுபோகலாம். இதைச் செய்ய உங்களுக்குப் பதவி வேண்டாம்.

உங்கள் புறநோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை, டெங்கு. இவற்றில் பெரும்பகுதி குழாயிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் மூடாத தொட்டியிலிருந்தும் வருகிறது. குழாயும் சாக்கடையும் குப்பையும் நகராட்சி அலுவலகத்தின் கையில் இருக்கின்றன. அதனால்தான் அங்கே போகச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் இரண்டு தெருக்கள் இருந்தன. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்த இரண்டு தெருக்களிலிருந்து மட்டும் இரத்தக் கடுப்போடு வருவார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர்களுக்கு மாத்திரை எழுதினேன், டிரிப்ஸ் ஏற்றினேன். ஒரு தடவைகூட அந்தத் தெருவின் கடைசிக் குழாயடிக்குப் போய் நின்றதில்லை. சேர்மன் ஆன பிறகுதான் போனேன். காலை ஆறு மணி. துப்புரவு ஆய்வாளர் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, குளோரின் பார்க்கும் திரவத்தைச் சில சொட்டு விட்டார். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாக மாற வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது அளவு. நிறம் மாறவே இல்லை. மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் பார்த்தோம். அங்கே நல்ல மஞ்சள். ஆக, வழியில் எங்கோ குளோரின் தீர்ந்துபோகிறது. தெரு ஆரம்பத்திலிருந்து தோண்டிப் பார்த்தபோது, குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே இறங்கி ஏறிப் போவது தெரிந்தது. இணைப்பில் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் காலியாகி, சாக்கடையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

குழாயை மாற்றிப் போட எனக்குப் பதினொரு மாதம் ஆயிற்று. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் பதினொரு மாதத்தைத்தான். மருத்துவர் சீட்டில் எழுதினால் அன்றே மருந்து உள்ளே போகும். நகராட்சியில் அப்படி இல்லை. பொறியாளர் மதிப்பீடு தயாரிக்க வேண்டும். அது கூட்டப்பொருளில் ஏற வேண்டும். மன்றம் தீர்மானம் போட வேண்டும். தொழில்நுட்ப அனுமதி, நிதி, டெண்டர், அதில் யாரும் வராவிட்டால் மறு டெண்டர். முதல் ஆறு மாதம் நான் டாக்டராகவே நடந்துகொண்டேன். கவுன்சிலர்களிடம் காரணம் சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னேன். ஒரு நாள் தெருவில் வைத்து, கம்பவுண்டரை அதட்டுவதுபோல ஒரு துப்புரவுத் தொழிலாளியை அதட்டினேன். என்னைவிட வயதில் மூத்தவர் அவர். மறுநாள் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அந்த அதட்டல் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. என் தீர்மானம் இரண்டு முறை ஒத்திவைக்கப்பட்டது. மூன்றாம் முறை, எதிர்த்தரப்புக் கவுன்சிலர்கள் நான்கு பேரை விடியற்காலையில் அந்தக் குழாயடிக்கு அழைத்துப்போய், நிறம் மாறாத அந்தத் தண்ணீரைக் கண்ணால் பார்க்கவைத்த பிறகு, ஒருமனதாக நிறைவேறியது. அடுத்த ஐப்பசியில் அந்த இரண்டு தெருக்களிலிருந்து கடுப்போடு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் வாழ்நாளில் நான் பார்த்த மிகப் பெரிய வைத்தியம் அதுதான். அதில் நான் ஒரு நாடிகூடப் பிடிக்கவில்லை.

உங்களுக்கு முன்னால் இந்த வழியில் போனவர்கள் உண்டு. திருச்சி டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனைப் பற்றி இன்றைய மருத்துவ மாணவர்களிடம் கேட்டால் தெரியாது. எனக்கு அது பெரிய வருத்தம். ஸ்ரீரங்கத்துக்காரர். பர்மாவில் வேலை பார்த்து, லண்டன் போய் மேற்படிப்பு முடித்து, ஊர் திரும்பி மருத்துவமனை நடத்தியவர். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்குப் புறப்பட்ட உப்பு யாத்திரை இவருடைய திருச்சி வீட்டிலிருந்துதான் கிளம்பியது. சிறைக்கும் போனார். 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் பொதுச் சுகாதாரத் துறை இவரிடம் வந்தது. அந்த ஆட்சிக் காலத்தில்தான் 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் அப்படி ஒரு முழுமையான சட்டம் வேறெந்த மாகாணத்திலும் அதற்கு முன் கிடையாது. குடிநீர், கழிவுநீர், கொசு, தொற்றுநோய், தாய்சேய் நலம் எல்லாம் அதில் உண்டு. இன்றைக்கும் கொசுப்புழு வளரும் தொட்டிக்கு நகராட்சி நோட்டீஸ் ஒட்டுகிறதே, அது அந்தச் சட்டத்தின் பலத்தில்தான். 2020இல் கொரோனா வந்தபோதும் அதையே திருத்திப் பயன்படுத்தினார்கள். நீங்கள் கவுன்சிலராக ஆனால் முதலில் படிக்க வேண்டியது அந்தச் சட்டம்.

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை உங்களுக்குத் தெரியும். சென்னை மாகாணச் சட்டசபையில் துணைத் தலைவராக இருந்தவர், 1930இல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டுவிட்டு வெளியே வந்தார். அவ்வை இல்லமும், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அதற்குப் பிறகு எழுந்தவை. நாற்காலியில் இருந்தபோது சட்டத்துக்குப் போராடினார். நாற்காலி இல்லாதபோதும் கை ஓயவில்லை. மாவட்டச் செயலாளர் தரும் சீட்டை மறுத்தால் சேவைக்கான கதவே மூடிவிடும் என்று நீங்கள் பயப்பட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மருத்துவத்தை விட வேண்டுமா என்று கேட்டீர்கள். விட வேண்டாம். மேற்கு வங்க முதலமைச்சராக இருந்தபோதும் டாக்டர் பி.சி. ராய் தினமும் காலையில் இலவசமாக நோயாளிகளைப் பார்த்தார். ஆனால் நீங்கள் சில காரியங்களில் கறாராக இருக்க வேண்டும். நான் அப்படிக் கறாராக இல்லாமல் போனதால்தான் சொல்கிறேன். கிளினிக் வளாகத்துக்குள் கொடி கட்டிய வண்டி வரக்கூடாது, கரைவேட்டி கட்டிய எவரும் உங்களைப் பார்க்க அங்கே காத்திருக்கக்கூடாது. கட்சிப் பேச்சுக்கு வேறொரு தெருவில் ஓர் அறை எடுங்கள். மனு தாக்கல் செய்த நாள் முதல் முடிவு வரும் நாள் வரை நீங்கள் நோயாளி பார்க்காதீர்கள். அந்த நாட்களுக்கு எந்தக் கட்சியோடும் ஒட்டாத ஒரு மருத்துவரை இருத்துங்கள். அந்தத் தகப்பனைப் போன்றவர்கள் தயங்காமல் உள்ளே வர ஒரு வழி இருக்க வேண்டும். இலவச மருத்துவ முகாம் என்று யோசனை சொல்வார்கள். தேர்தல் நேரத்தில் வேட்பாளர் நடத்தும் முகாம், 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவின்படி லஞ்சமாகவே கொள்ளப்படலாம். சட்டம் கிடக்கட்டும், முகாமில் வரிசையில் நிற்கும் கிழவிக்கு நீங்கள் வைத்தியம் பார்க்கிறீர்களா, விலை பேசுகிறீர்களா என்று உங்கள் மனசுக்கே குழம்பிவிடும். குணமான நோயாளியின் படத்தைச் சுவரொட்டியில் போடாதீர்கள், மேடையில் எவர் நோயையும் பேசாதீர்கள். நோயாளியின் ரகசியம் நம் தொழிலின் நடத்தை விதிகளில் இருக்கிறது. வாக்கு கேட்டுப் போகும் வீடுகளில் யாருக்கு எந்த வியாதி என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வாசலில் நிற்கும்போது அது உங்கள் கண்ணில்கூடத் தெரியக்கூடாது.

நகராட்சித் தேர்தலுக்கு 21 வயது போதும், ஒரு வார்டு போதும். ஒரு வார்டு என்றால் உங்கள் கால் நடந்து முடித்துவிடும் தூரம். 2022இல் நடந்ததுபோல் கவுன்சிலர்கள் கூடித்தான் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால், சேர்மன் நாற்காலியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். குழாயடியை எதிர்பார்த்துப் போங்கள். இடங்களில் பாதி பெண்களுக்கு. உங்கள் வார்டு பெண்கள் வார்டாகிவிட்டால், டாக்டரம்மாவை நிறுத்திவிட்டு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். தயவுசெய்து அதற்கு இசையாதீர்கள். அவருக்கே விருப்பம் வந்தால் அவரே நின்று அவரே மன்றத்தில் பேசட்டும்.

இப்போது அவருடைய விருப்பமின்மைக்கு வருகிறேன். நான் சேர்மனாக இருந்த ஐந்து ஆண்டுகளில் நான் போன காதுகுத்து, கல்யாணம், துக்க வீடு எல்லாவற்றையும் எண்ணினால் ஆயிரத்தைத் தாண்டும். அந்த நேரங்களில் என் கிளினிக்கையும் என் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டது யார் என்று நான் அன்று கேட்டுக்கொள்ளவில்லை. உங்கள் மனைவிக்கு இரவில் பிரசவம் வரும். சிசேரியன் நடுவே கீழ்த்தளத்தில் மாரடைப்போடு ஒருவரைக் கொண்டுவந்து போடுவார்கள். இன்றைக்கு அந்த நேரத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அவர் வேண்டாம் என்று சொல்வது பயத்தால் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்துப் படுக்கையின் கணக்கை உங்களைவிடத் தெளிவாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கைப்பேசியை அணைத்துவிட்டு, வாரத்தின் ஏழு நாட்களையும் ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். எந்தெந்த மணிநேரம் உங்களுடையது, எது அவருடையது, எதற்குச் சம்பளத்துக்கு ஒரு மருத்துவர் வேண்டும், அந்தச் சம்பளமும் கடன் தவணையும் எங்கிருந்து வரும் என்று இருவரும் சேர்ந்து நிரப்புங்கள். அந்தத் தாள் நிரம்பாவிட்டால் வார்டுத் தேர்தலும் வேண்டாம்.

மாவட்டச் செயலாளருக்கு நீங்களே நேரில் போய்ப் பதில் சொல்லுங்கள். இடையில் ஆள் அனுப்பாதீர்கள். வந்து கேட்டதற்கு நன்றி சொல்லி, இந்த முறை இயலாது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். அவர் வீட்டிலும் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள். அடுத்த மாதமும் உங்களிடம் வருவார்கள்.

நகராட்சி மன்றக் கூட்டம் உங்கள் ஊரில் எந்தத் தேதியில் கூடுகிறது என்று விசாரித்து, அடுத்த கூட்டத்துக்குப் பார்வையாளராகப் போய்க் கடைசிவரை உட்கார்ந்திருங்கள். டெங்கு அதிகம் வந்த தெருக்களின் பட்டியல் உங்கள் பதிவேட்டில் இருக்கும். நோயாளிகளின் பெயர்களை நீக்கிவிட்டு, தெருவையும் மாதத்தையும் மட்டும் எழுதி ஆணையரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் காத்திருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்கு முன்பே அந்தப் பட்டியல் அவர் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.